சித்திரைக்கு ஊருக்குப் போகிறோம்: பாங்காக்கிலிருந்து கிளம்பும் முன் எதை மறந்திருக்கிறேன்?

ஆன்னுட்_அம்மா
மார்ச் 18, இரவு 10.15

வணக்கம். ஏப்ரல் 3 வெள்ளிக்கிழமை ராத்திரி விமானம், 19 ஞாயிறு திரும்புகிறோம். 6ஆம் தேதி சக்ரி தின விடுமுறை, 13 முதல் 15 வரை சொங்க்ரான், அதாவது ஊரே தண்ணீர் ஊற்றிக் கொண்டாடும் தாய்லாந்துப் புத்தாண்டு. நடுவில் ஆறு நாள் லீவு போட்டால் 16 நாள் கையில் நிற்கிறது. என் வீட்டுக்காரர் ஜனவரியில் இந்தக் கணக்கைக் கண்டுபிடித்துப் பெருமையாக லீவு கேட்கப் போனார். அவர் ஆபீசில் இருக்கும் தாய்லாந்துக்காரர்கள் அதை நவம்பரிலேயே கண்டுபிடித்து எழுதியும் கொடுத்திருந்தார்கள். கெஞ்சிக் கூத்தாடித்தான் கிடைத்தது.

ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்றைக் கோட்டை விடுகிறோம். போன தடவை ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுக் கதவை இறுக்க மூடிப் போனேன். வந்து மூன்று நாள் நாற்றம். அதற்கு முந்தின தடவை அலமாரியில் என் கல்யாணப் பட்டில் பூஞ்சை. அதனால் இந்தத் தடவை முன்கூட்டியே உங்களிடம் கேட்டுவிடலாம் என்று இழையைத் திறக்கிறேன்.

முடிந்தது: விமான டிக்கெட். சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸ். ரயிலுக்கு முன்பதிவு 60 நாள்தான் என்று ஆக்கிவிட்டார்கள், அங்கே காலை எட்டு என்றால் இங்கே ஒன்பதரை, என்னவர் மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டே மேசைக்கு அடியில் போட்டார். எனக்கும் அவருக்கும் ரீ-என்ட்ரி முத்திரை, அதாவது வெளியே போய்த் திரும்பினாலும் இங்கே தங்கும் அனுமதி ரத்தாகாமல் காக்கிற முத்திரை, வாங்கியாயிற்று.

முடியாதது: மாமியார் அனுப்பிய பட்டியல். அப்புறம் பால்கனியில் என் கறிவேப்பிலை. மூன்று வருடமாக வளர்த்து இடுப்பு உயரம் வந்திருக்கிறது. ஏப்ரல் வெயிலில் 16 நாள் தண்ணீர் இல்லாமல் தாங்காது. எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா ரோய் எட் ஊர்க்காரர், அவரும் 10ஆம் தேதி ஊருக்குப் போகிறார். கீழே காவலுக்கு இருக்கும் மாமாவும் அப்படித்தான். ஊரே ஊருக்குப் போகிற நேரத்தில் செடியை யாரிடம் விடுவது?

மகேசாக்_பாய்
மார்ச் 18, இரவு 10.52

தராவீஹ் தொழுகை முடித்து வந்து இப்போதுதான் பார்க்கிறேன். செடி இருக்கட்டும் தங்கச்சி. உங்களுக்கும் மாப்பிள்ளைக்கும் ரீ-என்ட்ரி ஆயிற்று என்கிறீர்கள். பிள்ளைக்கு?

ஆன்னுட்_அம்மா
மார்ச் 18, இரவு 11.20

பாய், பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்துவிட்டேன். இல்லை.

அவளுக்கு நாலு வயது. இங்கேதான் பிறந்தாள். போன வருடம் கம்பெனி ஏஜென்ட் மூன்று பேருக்கும் சேர்த்துச் செய்து கொடுத்தார், அதனால் எனக்கு அது தனி வேலை என்றே மனதில் பதியவில்லை. இந்த வருடம் நாங்களே போனோம், இரண்டு பாஸ்போர்ட்டை நீட்டினோம், இரண்டு முத்திரை வாங்கினோம். பாப்பா அந்த நேரம் நர்சரியில் இருந்தாள்.

பாங்சாக்_பேச்சிலர்
மார்ச் 18, இரவு 11.31

அக்கா, பயப்படாதீர்கள். இந்தியர்களைத்தான் சுற்றுலாவுக்கு விசா இல்லாமலே விடுகிறார்களே? பாப்பா அப்படி உள்ளே வந்துவிட்டால் போயிற்று. நான் வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது, தப்பாகச் சொன்னால் திருத்தவும்.

பழைய_சோறு
மார்ச் 19, காலை 6.05

தம்பி, திருத்துகிறேன். உள்ளே வந்துவிடலாம், அதில் சந்தேகமில்லை. ஆனால் எப்படி வருகிறாள் என்பதில்தான் சங்கதி. அப்பாவின் வேலையை ஒட்டி அந்தக் குழந்தைக்கு ஒரு வருடத் தங்கல் அனுமதி இருக்கிறது. ரீ-என்ட்ரி இல்லாமல் எல்லையைத் தாண்டினால் அந்த அனுமதி அன்றோடு செத்துப்போகும். திரும்பும்போது அப்பா அம்மா குடியிருப்பவர்களாகவும் மகள் சுற்றுலாப் பயணியாகவும் வந்து நிற்பார்கள். அப்புறம் பிறப்புச் சான்றிதழ், மொழிபெயர்ப்பு, சான்றொப்பம், கம்பெனிக் கடிதம் என்று முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆயிரம் பாட் செலவில் முடிகிற காரியத்துக்கு இரண்டு மாதம் அலைச்சல்.

எனக்கே நடந்திருக்கிறது. தொண்ணூறுகளில், டான் மியாங் ஒன்றுதான் பாங்காக்குக்கு விமான நிலையம். அப்பா தவறிவிட்டார் என்று தந்தி மாதிரி ஒரு போன். ராத்திரியே கிளம்பினேன். ரீ-என்ட்ரி ஞாபகமே இல்லை. காரியம் முடிந்து திரும்பினால், ஏழு மாதம் பாக்கியிருந்த அனுமதி போயிருந்தது. கவுன்டரில் இருந்த அதிகாரி தலையைச் சாய்த்து வருத்தப்பட்டார், முத்திரையை மட்டும் மாற்றவில்லை. அன்றிலிருந்து பலமுறை முத்திரைதான் எடுக்கிறேன். ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. வருடத்துக்கு ஒரு தடவை போகிறவனுக்கு அது நஷ்டக் கணக்குதான். நான் அந்தப் பணத்தை விமானத்துக்குத் தருவதாக நினைப்பதில்லை. நடுராத்திரி போனுக்குத் தருவதாக நினைத்துக்கொள்கிறேன்.

ரயோங்_ராஜா
மார்ச் 19, காலை 8.40

இதற்கு இவ்வளவு கலவரமா? சுவர்ணபூமியிலேயே எடுத்துக்கொள்ளலாமே. புறப்பாட்டில் குடிநுழைவுச் சோதனைப் பக்கத்திலேயே அதற்கென்று கவுன்டர் இருக்கிறது. டி.எம். 8 படிவம், பாஸ்போர்ட் நகல், 4க்கு 6 சென்டிமீட்டர் அளவில் ஒரு போட்டோ, ரொக்கம். போட்டோ இல்லையென்றால் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொண்டு அங்கேயே எடுத்துத் தருகிறார்கள். நான் ஏழு வருடமாக அப்படித்தான். தொழிற்சாலையில் அரை நாள் பர்மிஷன் கேட்டு குடிநுழைவு ஆபீஸ் வாசலில் நிற்க எனக்குப் பொறுமை கிடையாது.

மகேசாக்_பாய்
மார்ச் 19, காலை 9.15

ராஜா, நீங்கள் தனி ஆள், ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போகிறவர். இவர்கள் போவது நீண்ட விடுமுறைக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம். உங்களை மாதிரியே நினைக்கிற இருநூறு பேர் அந்தக் கவுன்டர் முன்னால் நிற்பார்கள். கையில் தூங்குகிற பிள்ளை, நாலு பெட்டி. விமானத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். வரிசை நகராது. முடிகிற வேலையை முன்னால் முடிப்பதுதான் நல்லது.

ரயோங்_ராஜா
மார்ச் 19, காலை 9.22

மூன்றரை மணி நேரம் முன்னால் போனால் நகரும் பாய். நான் இன்னும் என் கட்சிதான்.

சியாங்மாய்_டீச்சர்
மார்ச் 19, மாலை 5.10

இரண்டு பேர் சொல்வதிலும் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. ரீ-என்ட்ரி என்பது புதிய அனுமதி இல்லை. இருக்கிற அனுமதியைச் சாகாமல் வைக்கிற முடிச்சு, அவ்வளவுதான். அனுமதி ஏப்ரல் 15 வரைதான் என்றால், 19ஆம் தேதி திரும்புகிறவருக்கு ரீ-என்ட்ரி முத்திரையால் ஒரு பயனும் இல்லை. பாப்பாவின் பாஸ்போர்ட்டில் கடைசியாக அடித்த தேதியைப் பாருங்கள். குழந்தைகளுக்கு இந்தியப் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான், தங்கல் அனுமதி பாஸ்போர்ட் முடிகிற தேதியைத் தாண்டாது. நாலு வயது என்கிறீர்கள், அதனால்தான் கேட்கிறேன்.

எங்கள் ஆசிரியர் கூட்டத்தில் இது வருடாவருடம் நடக்கும். ஒப்பந்தம் மார்ச் கடைசியில் முடியும். பள்ளி மே நடுவில் திறக்கும். நடுவில் ஊருக்குப் போய் வரலாம் என்று கிளம்பினால், திரும்பும்போது விசாவே இருக்காது.

இங்கே வெளியே புகை. எதிரே இருக்கும் தொய் சுதெப் மலை மூன்று நாளாகக் கண்ணில் படவில்லை. வயலையும் காட்டையும் எரிக்கிற காலம். ஊருக்குப் போவதில் எனக்குப் பாதி ஆசை அம்மாவைப் பார்க்க, பாதி ஆசை மூச்சு விட.

ஆன்னுட்_அம்மா
மார்ச் 19, இரவு 9.30

டீச்சர், நல்லவேளை. பாஸ்போர்ட் டிசம்பர் வரை, அனுமதி ஆகஸ்ட் வரை. மூச்சு வந்தது.

பாய் சொல்கிறபடியே செய்யப் போகிறேன். ராஜா அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் வழி எனக்கு இரண்டாவது வழி. புதன்கிழமை செங் வத்தனாவில் இருக்கும் குடிநுழைவு ஆபீசுக்குப் போகிறோம்.

பழைய_சோறு
மார்ச் 20, காலை 6.20

ஆன்னுட்டிலிருந்து டாக்சியில் போகாதீர்கள், பிள்ளை வாந்தி எடுக்கும். வான்ரயிலில் ஏறி வாட் ப்ர ஸ்ரீ மகாதாட் வரை ஒரே வண்டி, அங்கே பிங்க் மோனோரயில் மாறினால் அரசு வளாகத்துக்கென்றே ஒரு நிறுத்தம். அங்கிருந்து கொஞ்ச தூரம், மோட்டார் சைக்கிள் டாக்சியோ நடையோ. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தைத் தவிர்த்துப் போங்கள். கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக் கூடம் விலைக்குப் பரவாயில்லை.

பாய்க்குப் பெருநாள் வாழ்த்துகள்.

பாங்சாக்_பேச்சிலர்
மார்ச் 20, மாலை 7.45

திரும்பி வரும்போது நிரப்புகிற டிஜிட்டல் வருகை அட்டை நம் போன்றவர்களுக்கும் உண்டா, சுற்றுலாக்காரர்களுக்கு மட்டுமா? ஆபீசில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

சியாங்மாய்_டீச்சர்
மார்ச் 20, இரவு 8.02

தாய்லாந்துக் குடிமக்கள் தவிர எல்லாருக்கும் உண்டு. 2025 மே 1 முதல். இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், பாப்பாவுக்கும் தனியாக. காசு கிடையாது. காசு கேட்கிற பக்கம் எதுவும் அரசுடையது இல்லை, தேடினால் முதலில் வருவது பல நேரம் அந்தப் பக்கங்கள்தான். என் அக்காவின் கணவர் போன முறை ஒன்றில் கார்டு எண்ணைப் போட்டுவிட்டுப் பணத்தைத் திரும்ப வாங்க ஒரு மாதம் மெயில் எழுதினார்.

பேச்சிலர், நீங்களும் போகிறீர்களா?

பாங்சாக்_பேச்சிலர்
மார்ச் 20, இரவு 8.10

இல்லை. புரொபேஷன். லீவு கிடையாது. டீமில் எல்லாரும் கிளம்புகிறார்கள், ஆபீசில் நானும் தண்ணீர் மெஷினும்தான். தெரிந்துகொள்ளலாம் என்று கேட்டேன்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு என் பங்குக்கு ஒன்று: ஊர் சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். நான் வந்த புதிதில் நாலு மாதம் கண்டுகொள்ளவில்லை. எண்ணை முடக்கிவிட்டார்கள். வங்கி, ஆதார், அப்பாவின் மருத்துவக் காப்பீடு, எல்லா ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தான். அது இப்போது யார் கையில் இருக்கிறதோ. கூப்பிட்டால் ஒரு அம்மா எடுத்துத் தெலுங்கில் திட்டுகிறார்.

ஆன்னுட்_அம்மா
மார்ச் 21, காலை 10.00

மாமியார் பட்டியல் இதோ. கோடாலித் தைலம் ஒரு டஜன். ஐயா, நான் இருப்பது பாங்காக், அது சிங்கப்பூர்ச் சரக்கு என்று மூன்று வருடமாகச் சொல்கிறேன். "ஃபாரின்தானே?" என்கிறார். வாயடைத்துப் போய் இங்கே கிடைக்கும் மூக்குறிஞ்சியை, அதுதான் எல்லாத் தாய்லாந்துக்காரர்களும் பேசிக்கொண்டே மூக்கில் செருகுகிறார்களே, அந்த யாடோமைப் பத்து வாங்கி வைத்திருக்கிறேன். போன முறை மாமனார் அதை ஒரு தரம் முகர்ந்துவிட்டு இரண்டாவதைத் தேடினார்.

பாம்பு மார்க் பவுடர், மே மாத வியர்க்குருவுக்கு. உலர்ந்த மாம்பழம். இது வரை சரி. கடைசி வரியில்தான் குண்டு: நாத்தனார் மகள் காதுகுத்துக்கு "அங்கே தங்கம் மலிவாமே, ரெண்டு பவுனில் ஒரு செயின்".

மகேசாக்_பாய்
மார்ச் 21, காலை 11.35

இதற்கு நான் விரிவாகச் சொல்ல வேண்டும். கல் வியாபாரம்தான் என் தொழில், ஆனால் தங்கக் கேள்விதான் என்னிடம் அதிகம் வரும்.

முதலில் அளவு. இங்கே தங்கத்துக்கும் காசுக்கும் ஒரே பெயர், பாட். நகையாக வாங்கினால் ஒரு பாட் என்பது 15.16 கிராம், கட்டியாக வாங்கினால் 15.244. நம் பவுன் எட்டு கிராம். ஆக ஒரு பாட் சங்கிலி என்பது இரண்டு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குக் கீழே ஸலுங், ஒரு பாட்டின் கால் பங்கு. குழந்தை மோதிரமெல்லாம் ஸலுங்கில்தான்.

அடுத்து தரம். இங்கே 96.5 சதவீதம், நம் ஊர் 916-ஐ விடச் சுத்தம், அதனால்தான் இங்கே சைனா டவுனான யாவராட் கடைச் சங்கிலிகள் மஞ்சளாகப் பளபளக்கும். மென்மையும் அதிகம், பிள்ளைகள் இழுத்தால் கொக்கி நெளிந்துவிடும். கூலி தனியாகச் சொல்வார்கள், நம் ஊர்ச் சேதாரத்தோடு ஒப்பிட்டால் சின்னத் தொகை. "மலிவு" என்ற பேச்சு அங்கிருந்துதான் வருகிறது. தங்கத்தின் அடிப்படை விலை உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான், நம் ஊரில் அதன் மேல் இறக்குமதி வரி ஏறும், கூலியிலும் இங்கே மிச்சம்.

இப்போது உங்கள் விஷயம். ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறவர் இந்தியாவுக்குள் சுங்க வரி இல்லாமல் கொண்டுபோகக்கூடிய நகை, பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20. நகைதான், கட்டியோ காசோ இல்லை. கணக்குக்கு ஒரு பாட் சங்கிலி உள்ளே அடங்கும். ஆனால் வருடாவருடம் ஊருக்கு வந்து போகிறவர் என்றால் அந்த "ஒரு வருடம்" என்ற வார்த்தையில்தான் வாக்குவாதம் வரும். உங்கள் கழுத்தில் ஏற்கெனவே கிடப்பதையும் சுங்க அதிகாரிகள் பார்ப்பார்கள். ரசீதைக் கைப்பையில் வையுங்கள். வரி கட்ட வேண்டிய பொருளைக் காட்டுகிற சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடுங்கள். பையில் சுருட்டி மறைக்கிற வேலை வேண்டாம். ஒரு முறை பெயர் பதிவானால் ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, இதை நாத்தனாரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், மாப்பிள்ளை சொல்லட்டும். அந்தச் சங்கிலியில் நம் ஊர் ஹால்மார்க் இருக்காது. பின்னால் மாற்றப் போனால் பழைய நகை என்று உருக்கிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். இங்கே வாங்கியதை இங்கேயே விற்றால்தான் விலை. என் யோசனை, பணமாகக் கொடுத்துவிடுங்கள், அவர்கள் ஊரில் வாங்கிக்கொள்ளட்டும்.

பாங்சாக்_பேச்சிலர்
மார்ச் 21, மத்தியானம் 12.10

முதன்முதலில் நகைக் கடையில் "ஒரு பாட் தங்கம்" என்று கேட்டதும் பாக்கெட்டில் சில்லறையைத் தேடினவன் நான் மட்டும்தானா?

சியாங்மாய்_டீச்சர்
மார்ச் 21, பிற்பகல் 3.30

நீங்கள் மட்டும்தான்.

சாமான் பட்டியலுக்கு என் எச்சரிக்கை இரண்டு. அப்பா ஒரு தடவை புத்தர் சிலை கேட்டார், முழங்கை உயரத்துக்கு. வாரோரொட் சந்தையில் வாங்கியும் வைத்துவிட்டேன். புத்தர் உருவங்களை நாட்டைவிட்டுக் கொண்டுபோக நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்ன பிறகுதான் தெரியும். கழுத்தில் போடுகிற சின்னத் தாயத்துக்குப் பிரச்சினையில்லை. சிலை இன்னும் என் புத்தக அலமாரி மேல்தான் இருக்கிறது, தினமும் பூ வைக்கிறேன்.

இரண்டாவது, பெட்சபூன் இனிப்புப் புளி. எங்கள் வீட்டுக்கு ஒரு டப்பா கொண்டுபோனேன். அட்டையில் புளியங்காய்ப் படம். நான் குளிக்கப் போன நேரத்தில் அம்மா அதில் நாலு எடுத்து ரசம் வைத்துவிட்டாள். மிளகு, பூண்டு, பெருங்காயம், எல்லாம் போட்ட பாயசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா ஒன்றும் சொல்லாமல் மோருக்குப் போனார்.

ரயோங்_ராஜா
மார்ச் 22, காலை 9.00

திரும்புகிற நாள் 19 என்று பார்த்தேன். உங்களுக்கு ஆன்னுட் என்பதால் கவலையில்லை. என்னைப் போல் கிழக்குக் கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்கள் கவனிக்கவும்: பாங்காக்கில் சொங்க்ரான் 15-இல் முடியும், எங்கள் பக்கம் அதற்கு அப்புறம்தான் வான் லை என்று ஊர் ஊராகத் தண்ணீர். பட்டாயாவில் 19ஆம் தேதிதான் உச்சம். போன தடவை அன்றைக்கு இறங்கி, ஏசி கார் ஒன்று பேசி, கடற்கரை ஓரமாகப் போகலாம் என்ற டிரைவரின் பேச்சைக் கேட்டு, நாலு மணி நேரம் ஒரே இடம். ஒரு வெள்ளைக்காரத் தாத்தா ஐஸ் தண்ணீர் வாளியோடு என் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

மகேசாக்_பாய்
மார்ச் 22, காலை 9.40

13ஆம் தேதி கிளம்புகிறவர்கள் என் கதையையும் கேளுங்கள். நான் இருப்பது சீலோம் சாலையை ஒட்டி. அந்த மூன்று நாளும் சாலையை மூடிவிடுவார்கள், டாக்சி வராது. ஒரு வருடம் கொழும்பு வழியாக மதுரைக்கு டிக்கெட். உம்மாவுக்கென்று வாங்கிய சாமானையெல்லாம் அட்டைப் பெட்டியில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு சாலா டேங் நிலையத்துக்கு நடந்தேன். நடுவயதுக்காரன், பெட்டியோடு போகிறான், விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். ஒரு சின்னப் பெண், ஆறு வயது இருக்கும், இரண்டு கையையும் கூப்பி அனுமதி கேட்டுவிட்டு, குவளையில் இருந்த தண்ணீரை மெதுவாக என் தோளில் ஊற்றினாள். அதைப் பார்த்த மற்றவர்களுக்கு அனுமதி தேவைப்படவில்லை. வெள்ளைச் சுண்ணக் குழம்பைக் கன்னத்தில் பூசினார்கள். நிலையப் படியில் ஏறும்போது பெட்டியின் அடி கழன்று, பிஸ்கட் டப்பாக்கள் ஒவ்வொன்றாகப் படியில் இறங்கின. பொறுக்கிக் கொடுத்ததும் தண்ணீர் ஊற்றினவர்கள்தான்.

பாஸ்போர்ட் மட்டும் கழுத்தில் மாட்டுகிற பிளாஸ்டிக் உறையில் இருந்தது. தெருவோரத்தில் விற்பார்கள், வாங்கி வையுங்கள்.

ஆன்னுட்_அம்மா
மார்ச் 25, மாலை 4.50

செங் வத்தனா போய் வந்தாயிற்று. பாப்பாவுக்கு முத்திரை விழுந்தது! குழந்தைக்கு அரை டிக்கெட் கிடையாது, அதே 1,000 பாட்தான். எங்களுக்கு முன்னால் நின்ற ஜப்பான்காரர் ஒருவர் குடும்பத்தில் ஐந்து பாஸ்போர்ட்டையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தார். நானும் இன்றே ஒரு ரப்பர் பேண்ட் போட்டேன்.

இனி செடி. வேலைக்கு வரும் அக்கா 10ஆம் தேதி வரை பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவருக்குப் பேருந்து 10 ராத்திரி மோ சிட்டிலிருந்து, விடிய விடியப் பயணம். பையன் ஊரில் பாட்டியிடம் வளர்கிறான், வருடத்துக்கு இரண்டு தடவைதான் பார்க்கிறார். நான் என் பெட்டியைத் திறந்து வைத்துப் புலம்புகிறபோது, அவர் தன் பையில் வாங்கி வைத்திருந்த பள்ளிக்கூட ஷூவை எடுத்துக் காட்டினார். அளவு தெரியாமல் ஒரு எண் பெரிதாக வாங்கியிருக்கிறார்.

பழைய_சோறு
மார்ச் 25, மாலை 6.30

அவருக்கு வழிச்செலவுக்கு ஏதாவது கொடுத்து அனுப்புங்கள், சொல்லத் தேவையில்லை, சொல்கிறேன்.

இங்கே வந்த புதிதில் நான் கற்ற முதல் தாய் சொல் "கிளாப் பான்". வீட்டுக்குத் திரும்புவது. சாப்பாட்டுக் கடையில் பொட்டலம் கட்டச் சொல்லவும் அதேதான், பையில் போட்டு வீட்டுக்கு. இவர்களுக்கு ஏப்ரலில் கிளாப் பான் என்றால் பொங்கலுக்குக் கோயம்பேடு மாதிரி. ஒரே வித்தியாசம், ரயிலில் போகிறவர்கள் இப்போது புதிய பாங் சூ நிலையத்தில் ஏசியில் காத்திருக்கிறார்கள். நான் வந்த காலத்தில் ஹுவா லம்போங்கில் நியூஸ்பேப்பர் விரித்துப் படுத்திருப்பார்கள். மடியில் தாத்தாவுக்கு வாங்கிய ஃபேன்.

சங்கிராந்திதான் சொங்க்ரான் ஆயிற்று. நம் சித்திரை ஒன்று 14 என்றால் இவர்கள் 13-இல் ஆரம்பிக்கிறார்கள். மல்லிகை மிதக்கும் தண்ணீரை எடுத்துப் பெரியவர்கள் கையில் ஊற்றி ஆசி வாங்குவார்கள். எங்கள் மாடிப் பாட்டி என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார், போன வருடத்திலிருந்து நான் ஊற்றுகிறவன் இல்லை, ஊற்றப்படுகிறவன்.

பாங்சாக்_பேச்சிலர்
மார்ச் 25, இரவு 9.15

அக்கா, நான் பாங் சாக், உங்களுக்கு அடுத்த நிறுத்தம். 10ஆம் தேதிக்கு அப்புறம் நான் வந்து தண்ணீர் ஊற்றட்டுமா? எனக்கும் வேறு வேலையில்லை. தண்ணீர்த் துப்பாக்கிக்காரர்களைத் தாண்டி வர வேண்டும், அவ்வளவுதான்.

ஆன்னுட்_அம்மா
மார்ச் 25, இரவு 9.18

தம்பி, நீ நன்றாக இருப்பாய். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா, சாவியும் கார்டும் தருகிறேன். கீழே கட்டட நிர்வாக அலுவலகத்தில் உன் பெயரை எழுதிவைக்கிறேன். அதற்கு இங்கே "நிதி" என்று பெயர். மாதாமாதம் பராமரிப்புப் பணம் வாங்குவதால் எனக்கு அது தமிழ்ப் பெயர் என்றே பல நாள் நினைப்பு.

சியாங்மாய்_டீச்சர்
மார்ச் 26, காலை 7.20

அப்படியே ஆனாலும் ஒரு காப்பு செய்துவையுங்கள். செடியைப் பால்கனி வெயிலிலிருந்து உள்பக்க நிழலுக்கு நகர்த்துங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரைத் தொட்டியைவிட உயரமாக, ஸ்டூலில் வையுங்கள். பழைய பருத்திச் சேலையைக் கிழித்துத் திரி போல் முறுக்கி, ஒரு முனை வாளியின் அடியில், இன்னொரு முனை தொட்டி மண்ணுக்குள் இரண்டு விரல் ஆழம். சொட்டுச் சொட்டாக இழுத்துக்கொள்ளும். வாளியை மூடிவையுங்கள், டெங்குக் கொசுவுக்கு அழைப்பு வைக்க வேண்டாம். தொட்டிக்கு அடியில் தட்டில் தண்ணீர் நிறுத்துவதும் அதே காரணத்துக்காக வேண்டாம்.

இந்தச் செடிக்குத் தாய் மொழியில் ஹோம் கேக் என்று பெயர். ஹோம் என்றால் வாசனை, கேக் என்றால் இந்தியர்கள், அரபியர்கள் மாதிரி வந்தவர்கள், விருந்தாளிகள். என் வகுப்புப் பிள்ளைகள் அதை முகர்ந்துவிட்டு "டீச்சர் வாசனை" என்றார்கள்.

ஆன்னுட்_அம்மா
ஏப்ரல் 3, பிற்பகல் 2.10

ராத்திரி கிளம்புகிறோம். ஃபிரிட்ஜ் காலி, அணைத்துக் கதவு இடுக்கில் துண்டு மடித்து வைத்தாயிற்று. மெயின் குழாயை மூடவில்லை, தம்பி வருவான். அலமாரியில் ஈரம் உறிஞ்சும் டப்பா நாலு. கரண்ட் பில் முன்பே செவன் இலெவனில் கட்டியாயிற்று. ரப்பர் பேண்டில் மூன்று பாஸ்போர்ட்.

நாத்தனாரிடம் தங்கம் பற்றி என்னவர் பேசினார். "பணமாகவா, சரி" என்று அவர் சொன்ன வேகத்தைப் பார்த்தால் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது.

ஆபீசில் அவருடன் வேலை செய்யும் பெண்கள் மூன்று பேர் திரும்பி வரும்போது ஒரு சின்னப் பிள்ளையார் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், ப்ர பிக்கனெட். அவர்களுக்கு ஹுவாய் குவாங்கில் பெரிய பிள்ளையாரே இருக்கிறார், ஆனால் இந்தியாவிலிருந்து வந்தவர் என்றால் தனி மதிப்பாம். எங்கள் மாமியாருக்கு ஃபாரின் தைலம், இவர்களுக்கு ஃபாரின் பிள்ளையார்.

ஆன்னுட்_அம்மா
ஏப்ரல் 12, இரவு 8.40

பாளையங்கோட்டையிலிருந்து. எல்லாரும் சுகம். குடிநுழைவில் பாப்பாவின் முத்திரையை அந்த அதிகாரி பார்த்த பிறகுதான் எனக்குக் கைநடுக்கம் நின்றது. ராஜா அண்ணா, அந்தக் கவுன்டரையும் பார்த்தேன். வரிசை தூண் வரைக்கும் வந்து திரும்பியிருந்தது. பாய் ஜெயித்தார்.

இங்கே அம்மா வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலை மரம் மொட்டை மாடியைத் தொடுகிறது. ஆடு தின்றது போக மிச்சத்தைத் தெருவே பறிக்கிறது. நான் பாங்காக்கில் இலையை எண்ணி எண்ணித் தாளிப்பதை அம்மாவிடம் சொல்லவில்லை.

தம்பி, செடி எப்படி இருக்கிறது?

பாங்சாக்_பேச்சிலர்
ஏப்ரல் 13, காலை 11.25

செடி நலம் அக்கா. திரி வேலை செய்கிறது, வாளி கால்வாசி இறங்கியிருக்கிறது. நான்தான் நலமில்லை, நிலையத்திலிருந்து உங்கள் சந்துக்கு வருவதற்குள் ஏழு தடவை நனைந்தேன். உங்கள் வாசல் மிதியடியைப் பிழிந்து காயப்போட்டிருக்கிறேன்.

வந்ததற்கு ஒரு கொத்து பறித்துக்கொண்டேன், மொத்தம் பதினாலு இலை, கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். தோசை மாவும் தேங்காயும் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் சமையலறையில் கடுகு எந்த டப்பாவில் இருக்கிறது?